பேதி மருந்தும் பீலித் தண்ணியும்

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், பெரியம்மா மகள் அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு இருக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டார். காலை ஒன்பது மணி இருக்கும். கூடையோடு சரிந்தவரைப் பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் பிடித்து, நிழலில் கிடத்தி, சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள்.

லயத்துக்குக் கூட்டி வந்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மூன்று நாளில் உடம்பில் உள்ள நஞ்சு முழுவதையும் வெளியேற்றலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். காலையில் தேசிக்காய்த் தண்ணி, பகலுக்கும் அதே தண்ணி, ராவைக்கு ஒரு கஷாயம். சோறும் கூடாது, ரொட்டியும் கூடாது. இதற்குப் பெயர் 'டிடொக்ஸ்'.

"ஏன்க்கா இப்பிடிச் செஞ்சீங்க?"

"வேற என்ன தம்பி செய்யிறது? மலையில மருந்தடிக்கிறாங்க. வாங்குற மரக்கறியிலயும் மருந்து. ஒடம்பு பூரா அதுதானே சேந்து கெடக்கு. கழுவித்தானே ஆகணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் அப்பா மருந்தடிக்கிற வேலைதான் செய்கிறார், சாயங்காலம் அவர் சட்டையில் வரும் வாடை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான் கிளினிக்கில் அக்காவுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார்கள். ரத்தம் குறைந்த உடம்பை மூன்று நாள் பட்டினி போட்டால் என்ன ஆகும்?

அடுப்படியில் இருந்த அம்மாயி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எண்பது வயது. "நாங்க குடிக்காத பேதியா? பெரட்டுக் களத்துல வரிசையா நிக்க வச்சு ஊத்துவாங்க. வகுறு காலியாகும். அடுத்த வருசம் பூச்சி திரும்ப வந்துரும். நடந்து போற மண்ணு அதே மண்ணுதானே?"

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவன். தோட்டச் சுகாதாரம் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தபோது, அம்மாயி சொன்னதுதான் நூறு வருஷ வரலாறு என்று தெரிந்தது. அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுவதுதான் இந்தக் கட்டுரை.

வரிசையில் நின்ற வயிறுகள்

கோப்பிக் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்தார்கள். 1869-ல் கோப்பி இலையில் துரு நோய் பரவி அந்தப் பயிர் படிப்படியாக அழிந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட ஆரம்பித்திருந்தார். பயிர் மாறினாலும் லயம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு அடுப்பு, ஒரு வாசல். பெரும்பாலான தோட்டங்களில் கக்கூஸ் கிடையாது. ஆட்கள் தேயிலைச் செடிக்கு நடுவில்தான் ஒதுங்கினார்கள். மறுநாள் அதே மலையில் வெறுங்காலோடு வேலை.

கொக்கிப்புழுவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? அந்தப் புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது குஞ்சுப் புழுவாகி, மனிதரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக வயிற்றில் இறங்கி, சிறுகுடலின் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சொட்டுதான். நூற்றுக்கணக்கில் சேரும்போது ஆள் வெளுத்துப் போவார், மூச்சு வாங்கும், முகம் வீங்கும். அந்தக் காலத்துத் துரைமார் 'சோம்பேறிக் கூலி' என்று எழுதி வைத்தவர்களில் எத்தனை பேர் ரத்தம் இல்லாமல் நடந்தவர்களோ.

1915-ல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தைச் சேர்ந்த டொக்டர் விக்டர் ஹெய்சர் இலங்கைக்கு வந்தார். அடுத்த வருஷம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை ஆரம்பமானது. பரிசோதித்துப் பார்த்தால் தோட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் புழு. வைத்தியம் இதுதான்: பட்டினி போட வேண்டும், பேதி உப்புக் கொடுக்க வேண்டும், புழு மருந்து கொடுக்க வேண்டும், பிறகு மறுபடியும் பேதி உப்பு. ஆளைப் பட்டினி போட்டுக் குடலைக் கழுவுவதில் அக்காவின் வீடியோவுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. ஒரு வித்தியாசம், அன்றைக்கு வயிற்றுக்குள்ளே உண்மையிலேயே புழு இருந்தது. மருந்து அதை வெளியே கொண்டு வந்தது.

ஆனால் வைத்தியம் முடிந்த ஆள் மறுநாள் எங்கே போவார்? அதே மலைக்கு, அதே வெறுங்காலோடு. சில மாதத்தில் புழு திரும்பி வந்துவிடும். இது ரொக்பெல்லர் ஆட்களுக்கும் தெரியும். கக்கூஸ் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்பதுதான் அவர்களுடைய பாடமே. இந்தக் காலத்தை ஆராய்ந்து எழுதிய சோம ஹேவா காட்டுவது என்னவென்றால், தோட்ட முதலாளிகள் மருந்துக்கு ஒத்துக்கொண்ட அளவுக்குக் கக்கூஸுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து கொடுத்தால் ஆள் சீக்கிரம் வேலைக்கு வருவார். கக்கூஸ் என்றால் ஒவ்வொரு லயத்துக்கும் செலவு. பத்து வருஷம் கழித்து, 1926-ல், தடுப்பையும் சுகாதாரக் கல்வியையும் முன்னால் வைக்கும் முதல் சுகாதாரப் பிரிவை இலங்கை அரசு ரொக்பெல்லர் உதவியோடு தொடங்கியது. அது தொடங்கிய இடம் மலைநாடு இல்லை, கரையோரத்துக் களுத்துறை.

இயற்கை மருந்தும் ஈரல் மருந்தும்

அந்தப் புழு மருந்துகளின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 'இயற்கையானது, அதனால் பாதகம் இல்லை' என்று நம்மில் பலர் நம்புகிறோம். அக்காவும் அதைத்தான் சொன்னார்.

முதலில் பரவலாகப் பயன்பட்ட மருந்து தைமோல். நம் அடுப்படியில் வயிற்று உப்புசத்துக்குப் போடும் ஓமம் இருக்கிறதே, அதிலிருந்து எடுப்பது. இந்தியாவிலிருந்து ஓமம் ஐரோப்பாவுக்குப் போய் தைமோலாகத் திரும்பி வந்தது. முதலாம் உலகப் போரில் அது கிடைப்பது கஷ்டமானதும், அமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து வடிக்கும் கீனோபோடியம் எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டுமே செடியிலிருந்து வந்தவை. இரண்டுமே அளவு மீறினால் ஆளைக் கொல்லும், கீனோபோடியம் எண்ணெயால் பல நாடுகளில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஒரு சிட்டிகை ஓமம் போட்ட சுடுதண்ணி ஒன்று, ஓமத்தைப் பிழிந்து எடுத்த மருந்து வேறொன்று.

பிறகு 1921-ல் அமெரிக்காவில் மோரிஸ் ஹோல் என்பவர் காபன் டெட்ராகுளோரைட் என்ற திரவம் நாய்களின் கொக்கிப்புழுவைக் கொல்வதைக் கண்டுபிடித்தார். தானே குடித்தும் பார்த்தார். உடுப்புகளின் எண்ணெய்க் கறை போக்கவும் தீயணைக்கும் கருவியில் ஊற்றவும் பயன்பட்ட திரவம் அது. மலிவு. ஒரே தடவை கொடுத்தால் போதும். 1922-லேயே இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸும் இன்னொரு டொக்டரும் இதை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து மருத்துவ இதழில் எழுதினார்கள். மரண தண்டனைக் கைதிகளுக்கு இதைக் கொடுத்து, தூக்கிலிட்ட பிறகு ஈரலை எடுத்துப் பரிசோதித்த அறிக்கையும் அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து போயிருக்கிறது. படிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

காபன் டெட்ராகுளோரைட் ஈரலை அழிக்கும் நஞ்சு என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். எந்த அளவுக்கு என்றால், ஆய்வுகூடத்தில் எலிக்கு வேண்டுமென்றே ஈரல் நோய் உண்டாக்க இதைத்தான் கொடுக்கிறார்கள். மது குடிக்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூட. நம் உடம்பில் வெளியிலிருந்து வரும் நஞ்சை மாற்றி, சிறுநீரகம் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரும் உறுப்பு ஈரல்தான். குடலைக் கழுவுவதற்கு, உடம்பைக் கழுவும் உறுப்பையே பாழாக்கும் மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாயி குடித்த மருந்து எது என்று அவருக்குத் தெரியாது. "கசக்கும். பின்னாடி உப்புத் தண்ணி குடுப்பாங்க" என்று மட்டும் ஞாபகம். பெயரைக் கேட்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை. மருந்து கொடுப்பவரும் சொல்லும் வழக்கம் இல்லை.

சோத்துக் கோப்பையில் இருந்தது

அதே லூசியஸ் நிக்கல்ஸ் அடுத்த பத்து வருஷத்தில் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார். தோல் தவளைத் தோல் மாதிரிச் சொரசொரப்பாகும் ஒரு நிலையை 1933-ல் விவரித்து, அது உயிர்ச்சத்துக் குறைவால் வருவது என்று எழுதினார். இலங்கையில் சாதாரண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற ஆய்வுகளும் அவர் பேரில் வந்தன. புழு மருந்து கொடுத்த ஆள் கடைசியில் சோத்துக் கோப்பையைப் பார்க்க வேண்டி வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தக் கோப்பையில் என்ன இருந்தது? தோட்டத்தில் அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூடச் சம்பளத்தையும் அரிசி விலையையும் சேர்த்தே பேசியது. பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்த, தீட்டி வெள்ளையாக்கிய அரிசி. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. போர் முடிந்த பிறகும் மா போகவில்லை. இன்றைக்கு மலையில் காலைச் சாப்பாடு என்றால் கோதுமை ரொட்டியும் சம்பலும்தான். விறகு அடுப்பில் சீக்கிரம் சுடலாம், பெரட்டுக்கு நேரத்துக்குப் போகலாம், கையில் சுருட்டிக்கொண்டு போகலாம், பசி தாங்கும். ரொட்டி நம் பாரம்பரியச் சாப்பாடு என்று நாங்களே நம்பிவிட்டோம். அது ஒரு போரும் ஒரு வேலை நேரமும் சேர்ந்து கொண்டுவந்த சாப்பாடு.

பிறகு 1973-74. உலகச் சந்தையில் அரிசி, மா விலை ஏறி, கூப்பன் அளவு குறைந்தது. கிராமத்து ஆளுக்குக் கொஞ்சமாவது மண் இருந்தது. தோட்டத்து ஆளுக்கு லயத்துக்கு முன்னால் ஒரு பாத்தி. 1974-ல் தோட்டப் பகுதிகளில் மரண வீதம் வெளிப்படையாகக் கூடியது. "அந்தப் பஞ்சத்துல பூசணிக் கொடியக்கூட விடல்ல. எல, தண்டு, எல்லாத்தையும் அவிச்சோம்" என்கிறார் அம்மாயி. எங்கள் வீட்டில் இன்றைக்கும் பூசணிக் கொழுந்து சுண்டுவார்கள். அது பஞ்சத்தில் கற்றுக்கொண்ட கறி என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

2016-ல் நாடு முழுவதும் எடுத்த சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 வீதம். தோட்டப் பகுதியில் சுமார் 32 வீதம். நச்சு நீக்கம் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்களின் உடம்பில் வேண்டாதது சேர்ந்திருக்கலாம். வேண்டியது சேரவில்லை என்பதற்குச் சாட்சியே இருக்கிறது.

இங்கே இன்னொரு சங்கடம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, மரக்கறிச் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். ரொட்டியைக் கடித்துக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்பதுதான் எங்கள் வழக்கம். உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கிற கையில் ரத்தம் குறைவாக இருப்பதற்கு அந்தத் தேயிலையும் ஒரு காரணம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் இது குறையும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். அக்காவின் தேசிக்காய்க்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. அதை வெறும் வயிற்றில் குடிக்காமல் கீரையில் பிழிய வேண்டும், அவ்வளவுதான்.

மருந்து என்று நாம் சொல்லும் நஞ்சு

மலையில் களைக்கும் பூச்சிக்கும் அடிப்பதை நாங்கள் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். "இன்னைக்கு அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேல." நஞ்சுக்கு இப்படி ஒரு பெயர் வைத்த பிறகு, அதற்குப் பயப்படுவது கஷ்டம்.

தேயிலைக்கு இந்த மருந்து வந்த கதையிலும் அம்மாயி சொன்ன பாடம் இருக்கிறது. 1930களில் தேயிலையின் இலையைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று மலைநாட்டில் பெரிய தொல்லை. 1935-36-ல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதை அழித்தது. புழு அடங்கிவிட்டது. பிறகு, தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். டீல்ட்ரின் அந்தக் குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு திரும்ப வந்துவிட்டது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் பதிவான பாடம் இது. டீல்ட்ரின் கொழுப்பில் கரைந்து உடம்பில் வருஷக்கணக்கில் தங்கும். ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் உலகம் முழுக்க ஒழிக்கப் பெயர் குறித்த முதல் பன்னிரண்டு நஞ்சுகளில் அதுவும் ஒன்று. மண்ணில் இருக்கும் அதைத் தேசிக்காய்த் தண்ணி என்ன செய்யும்?

நல்ல செய்தியும் இந்த வரலாற்றில் உண்டு. 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் பீடைநாசினிகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் முறை வந்தது. மிகக் கொடிய வகை மருந்துகள் 1995 அளவில் நிறுத்தப்பட்டன. 1998-ல் எண்டோசல்பான் போனது. 2008-க்கும் 2011-க்கும் இடையில் பரகுவாட், டைமெத்தோவேட், பென்தியோன் மூன்றும் படிப்படியாகப் போயின. இந்தத் தடைகளுக்குப் பெரிய காரணம் தற்கொலைகள். 1995 அளவில் உச்சத்தில் இருந்த நாட்டின் தற்கொலை வீதம் அடுத்த இருபது வருஷத்தில் சுமார் 70 வீதம் குறைந்தது. அதில் இந்தத் தடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். லயத்தில் வளர்ந்த எவருக்கும் இது வெறும் எண் இல்லை. ஒவ்வொரு லயத்திலும் பேசாமல் விட்ட ஒரு பெயர் இருக்கும். இங்கே யாருடைய உடம்பையும் யாரும் கழுவவில்லை. கைக்கு எட்டும் இடத்திலிருந்து நஞ்சை எடுத்தார்கள். ஆட்கள் பிழைத்தார்கள்.

ஆனால் தடை என்றாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. 2015-ல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளைக் கொல்லும் சிறுநீரக நோயை முன்னிட்டு வந்த தடை அது. 'நஞ்சற்ற நாடு' என்பது அந்த ஆட்சியின் கோஷம். தோட்டத்தில் களை நிற்குமா? புல்லு வெட்ட ஆளும் போடவில்லை. வேறு மருந்துகள் உள்ளே வந்தன. அதில் ஒன்று எம்.சி.பி.ஏ. அதன் மிச்சம் தேயிலையில் இருப்பதை ஜப்பான் கண்டுபிடித்து ஆட்சேபித்தது. அங்கே எல்லை பத்து லட்சத்தில் 0.01 பங்கு. ஏற்றுமதி நின்றுவிடும் என்ற பயத்தில் 2018-ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டைத் திரும்ப அனுமதித்தார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜப்பானில் ஒருவர் குடிக்கும் கோப்பையில் மருந்து பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்க இயந்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அதற்காக ஒரு நாடே கொள்கையை மாற்றுகிறது. அதே மருந்தை முதுகில் பதினாறு லீட்டர் டாங்கியில் சுமந்து அடிக்கிற எங்கள் அப்பாவின் ரத்தத்தை இதுவரை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை.

2021 மே மாதம் வந்த அடுத்த தடை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியும் ஒரே இரவில் நின்றது. நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் கொழுந்து குறைந்து போனது. கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் 'பேர்' குறையும், பேர் குறைந்தால் சம்பளம் இல்லை. அடுத்த வருஷம் மா விலை பல மடங்கு ஏறியபோது, நஞ்சில்லாத சாப்பாடு என்ற பேச்சை எங்கள் லயத்தில் ஒருவரும் பேசவில்லை. சாப்பாடு பற்றித்தான் பேசினார்கள்.

கழுவ வேண்டியது எங்கே

அப்படியென்றால் அக்காவுக்கு என்ன சொல்வது? நான் சொன்னது இதுதான்.

உடம்பைக் கழுவும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் இருபத்துநாலு மணி நேரமும் செய்கின்றன. அவற்றுக்குத் தேவை சாப்பாடு, தண்ணி, தூக்கம். பட்டினி கிடந்தால் அவற்றின் வேலை கூடவே செய்யும். கொழுப்பில் தங்கிய பழைய மருந்தை எந்தக் கஷாயமும் மூன்று நாளில் இறக்காது. கோவா, லீக்ஸ் வாங்கினால் வெளி இலையை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணியில் நன்றாகக் கழுவ வேண்டும். மேலே ஒட்டியது குறையும், செடிக்குள்ளே ஏறியது போகாது. அதற்கு மருந்தடித்த பிறகு எத்தனை நாள் விட்டுப் பறிக்க வேண்டும் என்ற கணக்கை நுவரெலியாத் தோட்டக்காரர் மதிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் செத்தல் மிளகாயையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப எடுக்கக் கூடாது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அகப்பட்ட அஃபிளாடொக்சின் அந்த மாதிரிப் பூஞ்சணத்தில் வருவதுதான். நூற்றுக்கு நூறு இயற்கை, ஈரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும். வல்லாரை, பூசணிக் கொழுந்து, கௌப்பி, முட்டை, நெத்தலி இதெல்லாம் கிடைக்கும்போது சாப்பிட வேண்டும். கிளினிக் கொடுத்த குளிசையை விடக் கூடாது. பூச்சி மருந்தும் வருஷா வருஷம் கிளினிக்கில் கேட்டுக் குடிக்கலாம். இன்றைக்குக் கொடுப்பது அம்மாயி குடித்த மருந்து இல்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மலையில அடிக்கிறத என்ன செய்யிறது?" என்றார். நான் பேசியதில் அதற்குப் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வரும் வழியில் அவரோடு நடந்தேன். டாங்கியை எங்கே கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். ஓடை. அந்த ஓடைதான் கீழே இறங்கி எங்கள் லயத்துப் பீலிக்கு வருகிறது. அந்தப் பீலித் தண்ணியில்தான் அக்கா தேசிக்காய் பிழிந்து குடித்திருக்கிறார்.

"வேற எங்கடா கழுவுறது? தண்ணி அங்கதானே இருக்கு. யாரும் வேண்டாம்னு சொல்லவுமில்ல."

விடுமுறை முடிவதற்குள் நாங்கள் ஏழெட்டுப் பொடியன்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். மருந்தடிக்கிற மாமாமாரோடு உட்கார்ந்து பேசினோம். மலையின் ஓரத்தில், ஓடையிலிருந்து தள்ளி, ஒரு பீப்பாயில் தண்ணி நிரப்பி வைப்பது. டாங்கியை அங்கேயே மூன்று தரம் அலசி, அலசிய தண்ணியை அன்றைக்கு மருந்தடித்த அதே நிரைகளுக்கே அடித்துவிடுவது. மருந்துச் சட்டையை வீட்டு உடுப்போடு ஊறப் போடாமல் தனியாகக் கழுவுவது. கையுறையும் முகமூடியும் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினோம். மாமாமார் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள், ஒருவர் பெருவிரல் ரேகை வைத்தார். இந்தக் கட்டுரை எழுதும் வரை பதில் வரவில்லை. பீப்பாய்க்குத் தண்ணி நிரப்புவது மட்டும் நடக்கிறது. அதைச் செய்வது அக்காவின் மூத்த மகன், ஒன்பதாம் ஆண்டு படிக்கிறான்.

நூறு வருஷத்துக்கு முன்பு பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பேதி கொடுத்தவர்கள் கக்கூஸ் கட்டியிருந்தால் அம்மாயியின் தலைமுறைக்கு அத்தனை பேதி தேவைப்பட்டிருக்காது. உங்கள் தோட்டத்தில் டாங்கி எங்கே கழுவுகிறார்கள் என்று அடுத்த விடுமுறைக்குப் போகும்போது பாருங்கள். பிறகு பீலித் தண்ணி எங்கிருந்து வருகிறது என்றும் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள்.